கேம்ஷாஃப்ட் நிலை உணரி: கோளாறும் சீரமைப்பும்

கேம்ஷாஃப்ட் நிலை உணரி (கேம் சென்சார்) என்பது கார் இன்ஜினின் வால்வுகளைத் திறந்து மூடும் தண்டின் சுழற்சி நிலையை இன்ஜின் கட்டுப்பாட்டுக் கணினியான ஈசியூவுக்குத் தெரிவிக்கும் கருவி. கிராங்க்ஷாஃப்ட் 2 சுற்று சுற்றினால் கேம்ஷாஃப்ட் 1 சுற்று சுற்றும். எந்த சிலிண்டருக்கு எப்போது எரிபொருள் பீய்ச்சுவது என்பதை ஈசியூ கேம்ஷாஃப்ட்டின் நிலையையும் வைத்து முடிவு செய்கிறது.

அறிகுறிகள்: செக் இன்ஜின் விளக்கு எரிதல், நெடுநேரம் செல்ஃப் அடித்த பிறகே வண்டி கிளம்புதல், இழுவை குறைதல், ஓட்டத்தில் நின்றுபோதல். சித்திரை, வைகாசி வெயில் 40 டிகிரி செல்சியஸை ஒட்டும் மதுரைச் சமவெளியில், உள்மின்சுற்று தளர்ந்த உணரி சூடானதும் செயலிழந்து, ஆறியதும் மீளக்கூடும். அதனால் குளிர்ந்த இன்ஜினில் மட்டும் சோதிப்பது போதாது.

கண்டறிதல்: ஸ்கேனரில் பி0340 என்ற குறியீடு வந்தால், அது உணரியின் மின்சுற்றில் பிழை என்றே பொருள், உணரி பழுது என்று உறுதியாகாது. முதலில் கனெக்டரில் எண்ணெய், துரு, எலி கடித்த ஒயர் உள்ளதா எனப் பார்க்க வேண்டும். மூன்று ஒயர் கொண்ட ஹால் வகை (காந்தப்புல மாற்றத்தை உணரும்) உணரியில் ஒன்று மின்வழங்கல் (வண்டியைப் பொறுத்து 5 அல்லது 12 வோல்ட்), ஒன்று எர்த், ஒன்று சிக்னல். மின்சாரமும் எர்த்தும் சரியாக இருந்து, செல்ஃப் அடிக்கையில் சிக்னல் மாறாவிட்டால் உணரியை மாற்றலாம்.

சீரமைப்பு: பேட்டரி நெகட்டிவைக் கழற்றி, போல்ட்டை நீக்கி, புதிய ஓ-ரிங்குடன் உணரியைப் பொருத்தி, பேட்டரியை மீண்டும் இணைத்து, குறியீட்டை அழித்து ஓட்டிப் பார்க்க வேண்டும். குறியீடு திரும்பினால் டைமிங் செயின் தளர்வைச் சோதிப்பது அவசியம்.