விளக்குக் கரியும் லேசர் இழையும்

திருநாவலூரைச் சுந்தரரின் ஊராகவே நாம் அறிவோம். அங்குள்ள கல்வெட்டுகள் வேறொன்றும் சொல்கின்றன. முதலாம் பராந்தகனின் மகன் இராசாதித்தனின் பெயரால் இராசாதித்தபுரம் என்றும் வழங்கிய ஊர் அது. 949-இல் தக்கோலப் போரில் அவன் மடிவதற்கு முன்னர், அவனுடைய பரிவாரத்தினர் அங்குள்ள கோயிலுக்கு நந்தா விளக்குகள் வைத்தார்கள். விளக்குக்கு நெய், நெய்க்குச் சாவா மூவாப் பேராடுகள். அச்சுடர்களில் நெய் ஆவியாகி, வெப்பத்தில் சிதைந்து, கரியாகிச் சுவரில் படிந்திருக்கும். இன்றைய வேதியியலார் 'ஆவிப்படிவு' என்று அழைக்கும் முறைக்கு இது பங்காளி முறை எனலாம்.

அம்முறையைத் தொழிலாக்கிய முன்னோடிகள் எடிசனின் போட்டியாளர்களான சாயரும் மானும். 1880-இல் அவர்கள் காப்புரிமை பெற்ற உத்தி எளியது. மின்விளக்கின் கரி இழையை ஹைட்ரோகார்பன் ஆவிக்குள் ஒளிரவிட்டால் அதன்மேல் கரி படியும். இழை மெலிந்த இடத்தில் மின்தடை அதிகம், ஆகவே சூடும் அதிகம்; அங்கேதான் கரி மிகுதியாகச் சேரும். குறையுள்ள இடத்தை மருந்தே தேடிச் செல்லும் இந்த ஏற்பாட்டைப் போல் அழகான ஒன்றைத் தொழில்நுட்ப வரலாற்றில் நாம் அதிகம் கண்டதில்லை.

சூட்டை ஒரு புள்ளியில் குவிக்க லேசர் வரவேண்டியிருந்தது. மகாராட்டிரத்துப் பாராமதியில் பிறந்த குமார் பட்டேல் 1964-இல் பெல் ஆய்வகத்தில் கரியமில வாயு லேசரை உருவாக்கினார். 1972-இல் நெல்சனும் ரிச்சர்ட்சனும் அவ்வகை லேசரைக் குவித்து மெல்லிய கரிக் கம்பிகளை வளர்த்தார்கள். வாயுவுக்குள் குவிந்த ஒளி படும் முனை மட்டும் கொதிக்கிறது. வாயு அங்கே சிதைந்து திண்மமாகிறது. வளரும் வேகத்திலேயே அடியைப் பின்னிழுத்தால் இழை நீள்கிறது. அச்சும் இல்லை, நூற்பும் இல்லை. இழையின் பருமனை ஒளிப்புள்ளியே பெரிதும் தீர்மானிக்கிறது. 1990-களில் வாலன்பெர்கரும் நார்டைனும் வாயுவின் அழுத்தத்தைக் கூட்டி வளர்ச்சியை விரைவுபடுத்தினார்கள். அவர்களுடைய கரி இழைகள் பற்றிய கட்டுரை 1993-இல் 'சயன்ஸ்' இதழில் வந்தது. கரியோடு நில்லாமல் போரான், சிலிக்கான் இழைகளும் இவ்வழியில் வளர்ந்தன.

இந்த இடத்தில் நம்மவர் கீழடியை நினைவூட்டுவார்கள். கி.மு. ஆறாம் நூற்றாண்டு முதல் மூன்றாம் நூற்றாண்டு வரையிலான அவ்வூர்ப் பானையோடுகளின் கரும்பூச்சில் கரி நுண்குழாய்கள் இருப்பதாக வேலூர் வி.ஐ.டி. ஆய்வாளர்கள் 2020-இல் வெளியிட்டார்கள். உடனே 'தமிழன் அன்றே நானோ அறிந்தான்' என்ற முழக்கம் எழுந்தது. அம்முழக்கத்தில் நமக்கு உடன்பாடில்லை. அது குயவரின் மெய்யான திறமையை மறைத்து, அவர் கோராத ஒன்றுக்குப் பட்டயம் எழுதுகிறது. இத்தனை நூற்றாண்டுகள் உதிராமல் நின்ற பூச்சு அவருடையது; சூளையின் சூட்டையும் புகையையும் கண்ணால் அளந்தவர் அவர். சாயரும் மானும் இழையின் மெலிவை அறிந்தே ஆவியைச் செலுத்தினார்கள். கீழடிக் குயவர் அறிந்தது கருமையும் பளபளப்பும் உறுதியும். அதற்குள் இருந்த குழாயைக் காண எலக்ட்ரான் நுண்ணோக்கி தேவைப்பட்டது.