ஒரே கால் பங்கு, இரண்டு கணக்குகள்

கருந்துளையின் என்ட்ரோபி அதன் கொள்ளளவைப் பொறுத்ததல்ல, பரப்பைப் பொறுத்தது. பிளாங்க் அலகில் நிகழ்வெல்லைப் பரப்பில் சரியாகக் கால் பங்கு என்பது 1970-களில் பெக்கன்ஸ்டைனும் ஹாக்கிங்கும் தந்த விடை. சூரியன் அளவு நிறையுள்ள கருந்துளைக்கு அது ஏறத்தாழ 10⁷⁷. என்ட்ரோபி என்றாலே உள்ளே ஒளிந்திருக்கும் நிலைகளின் எண்ணிக்கைக்கு மடக்கை. அந்த நிலைகள் எவை? இழைக் கோட்பாடு ஒரு விடை சொல்கிறது. லூப் குவாண்டம் ஈர்ப்பு இன்னொன்று.

1996-இல் ஸ்ட்ரோமிங்கரும் வாஃபாவும் ஐந்து பரிமாணக் கருந்துளை ஒன்றை எடுத்துக்கொண்டார்கள். ஈர்ப்பின் வலிமையைக் கணக்கில் குறைத்தால் அது இழைகளின் முனைகள் ஒட்டிக்கொள்ளும் பரப்புகளான டி-பிரேன்களின் கட்டாக அவிழ்கிறது. அதன் எளிய வடிவில், ஒரு வட்டத்தைச் சுற்றி இருவகைப் பிரேன்கள், N₁, N₅ என்ற எண்ணிக்கைகளில். அந்த வட்டத்தில் ஓடும் உந்தம் n அலகு. இந்த n-ஐ அலைகளுக்கு எத்தனை விதமாகப் பங்கிடலாம்? 4-ஐ 4, 3+1, 2+2, 2+1+1, 1+1+1+1 என ஐந்து விதமாகப் பிரிக்கலாம். 100-ஐப் பிரிக்கும் வழிகளோ 19,05,69,292. இந்த வளர்ச்சிக்கு ஹார்டியும் ராமானுஜனும் 1918-இல் சூத்திரம் கண்டார்கள். அதன் விரிவே இங்கும் உதவுகிறது. கும்பகோணத்தில் எண்களோடு வளர்ந்தவரின் கணிதம் கருந்துளைக்குள்ளும் செல்லுபடியாகிறது என்பது எனக்குத் தீராத வியப்பு. விடை: 2π√(N₁N₅n). எதையும் சரிக்கட்டாமலே கால் பங்கு வருகிறது.

லூப் முறையில் எண்ணப்படுவது நிகழ்வெல்லையே. வெளி என்பதே இம்முறையில் ஒரு வலைப்பின்னல்; அதன் கோடுகள் நிகழ்வெல்லையைத் துளைக்கின்றன. ஒவ்வொரு துளையும் ஒரு துண்டுப் பரப்பைத் தருகிறது. மொத்தப் பரப்பு மாறாமல் துளைகளை எத்தனை விதமாக அமைக்கலாம் என்பதே கேள்வி. ஆக, இதுவும் ஒரு பங்கீட்டுக் கணக்குதான். ஆனால் கால் பங்கு கிடைக்க துண்டுப் பரப்பின் அளவை நிர்ணயிக்கும் இம்மிர்சி மாறிலியை அதற்கேற்பத் தேர்ந்தெடுக்க வேண்டும். 1998-இல் அஷ்டேகர் குழுவினருக்கு அது சுமார் 0.127, 2004-இல் மெய்ஸ்னர் திரும்ப எண்ணியபோது சுமார் 0.2375.

இழைக் கணக்கின் வலிமையே அதன் எல்லையும்கூட. ஈர்ப்பைக் கூட்டினாலும் எண்ணிக்கை மாறாதபடி காப்பது போசான்களையும் ஃபெர்மியான்களையும் இணைக்கும் மீச்சமச்சீர்மை. அது வானில் நாம் காணும் கருந்துளைகளுக்கு இல்லை. லூப் முறை அத்தகைய கருந்துளைகளையும் தொடுகிறது, ஒரு மாறிலியைக் கடன் வாங்கி.

எனவே உரைகல் கால் பங்கு அல்ல, அடுத்து வரும் சிறு திருத்தம். 2000-இல் சென்னைக் கணித அறிவியல் நிறுவனத்தின் கௌலும் மஜும்தாரும் லூப் முறையில் பரப்பின் மடக்கைக்கு −3/2 என்ற குணகம் கண்டார்கள். இம்மிர்சி மாறிலியால் அதை மாற்ற முடியாது. பின்னர் அசோக் சென் ஈர்ப்புப் பக்கமிருந்தே இத்திருத்தத்தைக் கணக்கிட்டார். மீச்சமச்சீர்மையுள்ள கருந்துளைகளில் அது இழை எண்ணிக்கையோடு பொருந்தியது. சுழலாத, மின்னூட்டமற்ற சாதாரணக் கருந்துளையில் லூப் விடையோடு பொருந்தவில்லை.

இதனால் என் தராசு இழைப் பக்கம் சாய்கிறது. ஆனாலும் அந்தச் சாதாரணக் கருந்துளையின் நிலைகளை இழைக் கோட்பாடு இதே துல்லியத்தோடு எண்ணிக் காட்டும்வரை வழக்கு முடிந்ததாகாது.