விளம்பரத்தின் பயனை அளத்தல்

மணிமேகலைக் காப்பியத்தின் முதற் காதை விழாவறை காதை. யானைமேல் முரசேற்றி இந்திர விழாவை நகரத்தார்க்கு அறிவித்த செய்தியை அதிற் காண்கிறோம். முரசு ஒலியாதிருந்தால் எத்துணைப் பேர் விழாவிற்கு வாராதிருந்திருப்பர்? புலவர்க்கு இவ்வினா வேண்டுவதன்று. ஆயின் முரசின் இடத்தைத் தொலைக்காட்சி பெற்ற பின், சில நொடிகளுக்குப் பெரும்பொருள் செலவிடும் வாணிகர்க்கு இதுவே தலையாய வினாவாகும்.

தில்லியில் 1959 செப்டம்பர் 15-இல் தொலைக்காட்சி தொடங்கிற்று. சென்னை நிலையம் 1975 ஆகஸ்டு 15-இல் தோன்றியது. 1976 சனவரி முதல் நாளிலிருந்து தூர்தர்ஷன் வணிக விளம்பரங்களுக்கு இடமளித்தது. அதற்கு முன் சுவரெழுத்தையும், சிவகாசி நாட்காட்டியையும், இலங்கை வானொலியையும் நம்பியிருந்த வாணிகர்க்குப் புதிய வாயில் திறந்தது.

திருச்சுழிக்கு அண்மையிலுள்ள விருதுநகரிலிருந்து வரும் இதயம் நல்லெண்ணெயை எடுத்துக்கொள்வோம். அதன் விளம்பரத்தில் தோன்றிய நடிகை சித்ராவை மக்கள் 'நல்லெண்ணெய் சித்ரா' என்றே அழைத்தனர். 2021-இல் அவர் மறைந்தபோதும் செய்தித்தாள்கள் அப்பெயரையே எழுதின. விளம்பரம் மக்கள் நெஞ்சிற் பதிந்ததற்கு இதனினும் சான்று வேண்டா. ஆயினும் நெஞ்சிற் பதிந்தது வேறு. கடையில் விற்றது வேறு. பார்த்தவரை எண்ணுவதும் அத்தகையதே. 2015 முதல் பார்க் என்னும் அமைப்பு, தேர்ந்தெடுத்த வீடுகளிற் கருவி பொருத்திப் பார்வையாளரைக் கணக்கிட்டு வருகின்றது. பார்த்தவர் வாங்கினாரா என்பதை அக்கருவி அறியாது.

விற்பனைக் கணக்கைப் பார்த்தால் தெரியாதா என்பீர்கள். அங்கேதான் இடர் இருக்கின்றது. எண்ணெய் விளம்பரத்தை ஐப்பசியில் மிகுதியாக ஒளிபரப்பினால் விற்பனையும் மிகும். ஆனால் தீபாவளி நீராட்டுக்கு எப்படியும் நல்லெண்ணெய் வேண்டுமே! விற்றது விளம்பரமா, பண்டிகையா?

நேயர்களே, இச்சிக்கல் அருப்புக்கோட்டை, திருச்சுழிப் புஞ்சை உழவர்க்குப் புதிதன்று. நிலத்தில் ஆட்டுக்கிடை மறிக்கக் கீதாரிக்குக் கூலி கொடுக்கிறார். அவ்வாண்டு மழையும் நன்கு பெய்து விளைச்சல் பெருகினால், பயன் ஆட்டெருவினதா, மழையினதா? ஒரு துண்டு நிலத்திற் கிடை மறித்து, பக்கத்துத் துண்டை வாளா விட்டால் விடை கிடைக்கும். மழை இரண்டிற்கும் பொது. வேற்றுமை எருவால் வந்தது.

இங்கிலாந்தின் ராதம்ஸ்டெட் வேளாண் ஆய்வு நிலையத்தில் 1919-இற் பணியேற்ற ரொனால்டு ஃபிஷர் இம்முறைக்குக் கணித வடிவம் தந்தார். எத்துண்டிற்கு எரு, எதற்கு இல்லை என்பதைத் திருவுளச்சீட்டுப் போல் தற்செயலுக்கு விட வேண்டும் என்றார். நல்ல நிலத்திற்கே எருவிட்டு நம்மை நாமே ஏமாற்றாதிருத்தற்கு அது காப்பு. வயலிற் பிறந்த இம்முறை பின்னர் வாணிகத்திற்கும் வந்தது. அமெரிக்காவின் சிற்றூர்கள் சிலவற்றில், 1979 முதல், சில வீடுகளுக்கு விளம்பரத்தை மிகுதியாகவும் ஏனையவற்றிற்குக் குறைவாகவும் அனுப்பி, கடையில் அவர்கள் வாங்கியதைப் பதிவு செய்தனர். இத்தகைய 389 சோதனைகளை ஆராய்ந்து லியோனார்டு லாடிஷும் பிறரும் 1995-இல் எழுதினர்: விளம்பரத்தை மிகுத்த மாத்திரத்தில் விற்பனை மிகுவதில்லை, பழகிய பொருளினும் புதிய பொருளுக்கே விளம்பரம் பெரிதும் உதவுகின்றது. 288 வணிகப் பெயர்களை ஆராய்ந்து 2021-இல் வெளியான கட்டுரையோ, கூடுதலாக இடும் விளம்பரப் பணம் ஐந்தில் நான்கு பங்குக்கு மேற்பட்டவற்றில் முதலுக்கே நட்டம் தருவதாகக் கண்டது.

இதனால் விளம்பரமே வீண் என்று நான் கூறவில்லை. அறியாத பொருளை எவர் வாங்குவர்? ஆனால் அளவையின்றிச் செலவிடுதல் அறிவுடைமையன்று. ஒரு வட்டாரத்தில் விளம்பரம் செய்து, அதனையொத்த மற்றொன்றில் வாய்மூடியிருந்து பார்க்க வேண்டும். ஓரிரு வட்டாரங்கள் போதா. ஒன்றிற் கண்மாய் நிறைந்து மற்றொன்றில் வறண்டால் கணக்குப் பிழைத்துவிடும். பல வட்டாரங்களைத் திருவுளச்சீட்டால் பிரித்தல் வேண்டும். போட்டியாளர் முழங்கும்போது வாய்மூடியிருக்க வாணிகர்க்குத் துணிவு வேண்டும் என்பது மெய்தான்.

அத்துணிவு நம்மையும் சார்ந்தது. விளம்பரச் செலவும் எண்ணெயின் அடக்கத்தில் ஒரு பகுதி. அச்செலவு பயன் தராது போயின், கால் லிட்டர் வாங்கும் கூலியாளும், எள் விளைவிக்கும் உழவரும், முதலீடு செய்த வாணிகரும் தத்தம் பங்கிற்கு அதனைச் சுமக்கின்றனர். எண்ணெயைப் படியால் அளந்து விற்பவர், அதனை விற்கச் செய்த செலவையும் அளந்தறிதல் கடமையாகும்.