வாழாவெட்டியும் ஜீவனாம்சமும்

கணவனைப் பிரிந்து தாய்வீட்டில் தங்கிவிட்ட பெண்ணைக் குறிக்கத் தமிழில் ‘வாழாவெட்டி’ என்றொரு சொல் உண்டு. கைவிட்ட ஆணைக் குறிக்க அவ்வாறு ஒரு சொல் இல்லை. மணவிலக்கு, மணமுறிவு, விவாகரத்து என இன்று வழங்கும் சொற்கள் யாவும் நிகழ்ச்சியின் பெயர்களே. அந்நிகழ்ச்சிக்குப் பின் அவள் எவ்வாறு உண்பாள், எங்கே உறங்குவாள் என்னும் வினாவுக்கு அவற்றில் விடையில்லை. அவ்வினாவுக்குரிய சொல் ஜீவனாம்சம். அதாவது, பிழைப்புக்குரிய பங்கு. மணவிலக்குச் சட்டங்களின் வரலாற்றைப் பிரிவதற்கான உரிமையின் வரலாறாகவே எழுதுவது வழக்கம். அதனை இந்தப் பங்கின் வரலாறாகப் படித்தால் வேறொரு சித்திரம் கிடைக்கிறது.

கைவிடப்பட்ட மனைவிக்காகப் பிறர் வழக்குரைத்தல் தமிழுக்குப் புதிதன்று. வையாவிக் கோப்பெரும் பேகன் தன் மனைவி கண்ணகியைத் துறந்தபோது கபிலர், பரணர், அரிசில் கிழார், பெருங்குன்றூர் கிழார் ஆகிய நால்வரும் அவள் பொருட்டு அவனை வேண்டிப் பாடியதைப் புறநானூறு காட்டுகிறது. பரிசில் வேண்டாம், அவளிடம் திரும்பிச் செல்க என்பதே அவர்கள் கேட்டது. வள்ளலை நோக்கிய வேண்டுகோள் அது. அவன் இணங்காவிடில் அவளுக்கு வேறு வழி இருந்ததாகத் தெரியவில்லை.

வழி இருந்தது வேறு மக்களிடத்தே. ‘அறுத்துக் கட்டுதல்’ என்னும் வழக்கு, தாலியை அறுத்துவிட்டு மறுமணம் செய்துகொள்ளும் உரிமையைக் குறித்தது. எட்கர் தர்ஸ்டன் 1909இல் வெளியிட்ட தென்னிந்தியக் குலங்களும் குடிகளும் பற்றிய ஏழு தொகுதிகளில், ஊரார் முன்னிலையில் துரும்பு கொடுத்து மணத்தை முறிக்கும் முறை பதிவாகியுள்ளது. துரும்பு கொடுத்தல் என்பது விலக்குதல். துரும்பு வாங்குதல் என்பது விலக்கை ஏற்றல். பரிசம், நகை, மணச்செலவு ஆகியவற்றின் கணக்கை ஊர்ப் பஞ்சாயத்தே தீர்த்தது. மேற்சாதியார் இவ்வழக்கை இழிவாகப் பேசினர். அந்த இழிவுரை இன்னும் முற்றாக மறையவில்லை. எனினும் சாத்திர நூல்கள் மறுத்த உரிமையை இம்மக்கள் கைவிடவில்லை. 1955ஆம் ஆண்டின் இந்துத் திருமணச் சட்டம் தன் 29ஆம் பிரிவில் வழக்காற்று மணமுறிவை அப்படியே காத்து நிறுத்தியது.

ஆங்கிலேயர் ஆட்சியில் ஜீவனாம்சம் உரிமையியல் சட்டத்தில் மட்டுமன்றிக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்திலும் நுழைந்தது. 1861ஆம் ஆண்டுச் சட்டம், மனைவியையும் குழந்தைகளையும் பேணாத ஆடவனை மாதந்தோறும் பணம் செலுத்துமாறு ஆணையிடும் அதிகாரத்தை மாஜிஸ்திரேட்டுக்கு வழங்கியது. இதன் நோக்கம் பெண்ணுரிமை எனக் கருதுவது பிழை. ஆதரவற்றோர் தெருவில் அலைந்து திரிவதையும் அதனால் விளையும் குற்றங்களையும் தடுப்பதே நோக்கம். ஆயினும் இச்சட்டம் மதம் பார்க்கவில்லை. நீண்ட வழக்காடலும் செலவும் வேண்டவில்லை. 1898ஆம் ஆண்டுச் சட்டத்தில் இது 488ஆம் பிரிவாக இருந்தது. உச்சவரம்பு மாதம் 50 ரூபாய். 1923இல் அது 100 ஆகவும் 1955இல் 500 ஆகவும் உயர்ந்தது.

இச்சட்டத்தில் இரண்டு ஓட்டைகள் இருந்தன. முதலாவது, இடம் பற்றியது. கணவன் இருக்குமிடத்திலோ இருவரும் கடைசியாகக் கூடி வாழ்ந்த இடத்திலோதான் மனுச் செய்ய வேண்டும். தாய்வீட்டுக்குத் திரும்பியவள் ஒவ்வொரு வாய்தாவுக்கும் தன்னை விரட்டிய ஊருக்கே பயணப்பட வேண்டியிருந்தது. இரண்டாவது, ‘மனைவி’ என்னும் சொல். மணத்தை முறித்துவிட்டால் அவள் மனைவியல்லள், மனைவியல்லாதவளுக்குப் பணமில்லை. ஆகவே ஜீவனாம்ச ஆணை வந்தவுடன் மணத்தையே முறித்துத் தப்பியோரும் உண்டு. மணவிலக்கு இங்கே விடுதலையாக அன்றிக் கடன் தீர்க்கும் உபாயமாகப் பயன்பட்டது.

கிறித்தவர்க்கான 1869ஆம் ஆண்டு இந்திய மணமுறிவுச் சட்டம் கணவனுக்கு ஓர் அளவுகோலும் மனைவிக்கு வேறோர் அளவுகோலும் வைத்தது. மனைவியின் பிறன்தொடர்பு ஒன்றே கணவனுக்குப் போதும். மனைவியோ அதனுடன் கொடுமையையோ ஈராண்டுக் கைவிடலையோ சேர்த்து மெய்ப்பிக்க வேண்டும். வழக்கு நடக்கும் காலத்து ஜீவனாம்சம் கணவனின் வருவாயில் ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டலாகாது. இவ்வேற்றுமையை இங்கிலாந்து தன் நாட்டில் 1923இலேயே நீக்கிக்கொண்டது. அதன் படியெடுப்பு இந்தியாவில் 2001 வரை நின்றது.

இந்துப் பெண்களுக்கு 1946ஆம் ஆண்டின் நடுவண் சட்டம் தனித்து வாழ்ந்து ஜீவனாம்சம் பெறும் உரிமையை அளித்தது. கணவன் மறுமணம் செய்துகொண்டாலும் அவள் பிரிந்து வாழலாமே அன்றி விலகிவிட முடியாது. சென்னை மாகாணம் 1949இல் இருதார மணத்தைத் தடுத்து மணவிலக்கையும் அனுமதிக்கும் சட்டத்தை இயற்றி, 1955ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு முன்னோடிகளுள் ஒன்றாயிற்று. பின்னதன் 25ஆம் பிரிவு, மணம் முறிந்த பின்னும் கணவனோ மனைவியோ மற்றவரிடம் நிலையான ஜீவனாம்சம் கோரலாம் என்றது. இருவர் இசைவால் மணவிலக்குப் பெறும் வழி 1976இல்தான் திறந்தது.

தமிழகத்துக்கே உரிய ஒரு சிக்கலும் உண்டு. புரோகிதரும் சடங்கும் இன்றி நிகழ்ந்த சுயமரியாதைத் திருமணம் சட்டப்படி செல்லாது எனச் சென்னை உயர்நீதிமன்றம் 1953இல் தீர்ப்பளித்தது. மணமே இல்லையெனில் மணவிலக்கு ஏது? ஜீவனாம்சம்தான் ஏது? கொள்கைக்காகத் தாலியை மறுத்த பெண், கைவிடப்படும்போது மனைவி என்று சொல்லிக்கொள்ளவும் இயலாத நிலை. அண்ணாவின் அரசு 1967இல் நிறைவேற்றிய திருத்தம், இத்திருமணங்களை அவை நடந்த நாள் முதலே செல்லத்தக்கனவாக்கியது. இதனை ஒரு கொள்கையின் வெற்றியாக மட்டும் கொண்டாடுவோர், வழக்காடு மன்றத்தில் நிற்கவிருந்த பெண்களையும் சேர்த்தே எண்ண வேண்டும்.

பழைய ஓட்டைகள் இரண்டும் 1973ஆம் ஆண்டின் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் அடைபட்டன. அதன் 125ஆம் பிரிவு, மணவிலக்குப் பெற்று மறுமணம் புரியாத பெண்ணையும் ‘மனைவி’ என்னும் சொல்லுக்குள் அடக்கியது. அடுத்த பிரிவு, அவள் வாழும் ஊரிலேயே மனுச் செய்ய வழிவிட்டது. 500 ரூபாய் வரம்பு மட்டும் அசையவில்லை. அத்தொகை குடும்பம் முழுவதற்குமா, ஒவ்வொருவருக்குமா என்ற ஐயத்தை 1978இல் உச்சநீதிமன்றம் ஒவ்வொருவருக்கும் எனத் தீர்த்தது.

விரிந்த இச்சொல்லே ஷா பானு வழக்கின் அடிப்படை. 1932இல் மணம் புரிந்து 1975இல் இந்தூரில் வீட்டைவிட்டு வெளியேற்றப்பட்ட அம்மூதாட்டிக்கு மாஜிஸ்திரேட்டு விதித்தது மாதம் 25 ரூபாய். உயர்நீதிமன்றம் அதனை 179 ரூபாய் 20 காசாக உயர்த்தியது. 1985இல் உச்சநீதிமன்றம் அதை உறுதிசெய்தபோது நாடே இரண்டாகப் பிரிந்து விவாதித்தது. விவாதத்தின் பேரொலியில் அந்த இருபது காசு யார் காதிலும் விழவில்லை. 1986ஆம் ஆண்டுச் சட்டம், முஸ்லிம் கணவனின் பொறுப்பை இத்தாக் காலத்தோடு முடிப்பதாகத் தோன்றியது. 2001இல் டேனியல் லத்தீஃபி வழக்கில் உச்சநீதிமன்றம், அக்காலத்துக்குள் அவளுடைய எதிர்காலம் முழுமைக்கும் நியாயமான ஏற்பாடு செய்தாக வேண்டும் எனப் பொருள் கொண்டது. குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் வழியும் முஸ்லிம் பெண்களுக்கு அடைபடவில்லை என்பதை 2024இல் மீண்டும் வலியுறுத்தியது.

2001 என்பது இவ்வரலாற்றில் தனித்துக் குறிக்கத்தக்க ஆண்டு. அத்தீர்ப்பு வந்த அதே ஆண்டில் கிறித்தவ மணமுறிவுச் சட்டத்தின் இரட்டை அளவுகோலும் ஐந்தில் ஒரு பங்கு என்னும் வரம்பும் ஒழிந்தன. 500 ரூபாய் உச்சவரம்பும் நீங்கியது. நாற்பத்தாறு ஆண்டுகளில் அரிசி விலையும் வாடகையும் எங்கோ சென்றுவிட, சில மாநிலங்கள் தனித்திருத்தம் செய்துகொண்டது தவிர, சட்டத்தின் தொகை நின்ற இடத்திலேயே நின்றது.

சொத்தின் கதை வேறு. சீதனம் பெண்ணுடையது, கணவனிடம் ஒப்படைத்திருப்பினும் அவன் அதன் காவலனே, உரிமையாளன் அல்லன் என்று 1985இல் உச்சநீதிமன்றம் கூறியது. கண்ணகியின் காற்சிலம்பு எவருடையது என்பதைத் தமிழ் வகுப்புகளில் இந்நோக்கிலும் பேசலாம். ஆனால் மணவாழ்வில் கணவன் பெயரில் சேர்ந்த வீடும் நிலமும் மணம் முறியும்போது தாமாகப் பாதியாகப் பகிரப்படும் என்னும் விதி நாடு முழுவதற்குமான சட்டமாக இந்தியாவில் இல்லை. கணவன் ஈட்டுவதற்கு மனைவியின் இல்லப்பணியும் காரணம், ஆகவே அச்சொத்தில் அவளுக்குச் சமபங்கு உண்டு எனச் சென்னை உயர்நீதிமன்றம் 2023இல் ஒரு வழக்கில் தீர்ப்பளித்தது. அத்தீர்ப்பு பொதுவிதியாக வேண்டுமாயின் சட்டமன்றமோ நாடாளுமன்றமோதான் செயற்பட வேண்டும்.

பிள்ளைகளைப் பொறுத்தவரை, அவர்களது நலனே முதன்மை என்பது நீதிமன்றங்கள் கொண்டுள்ள நெறி. ஐந்து வயது நிரம்பாத குழந்தை பொதுவாகத் தாயிடம் இருக்கும் என்கிறது 1956ஆம் ஆண்டின் இந்து இளவர் காப்பாளர் சட்டம். எனினும் அச்சட்டம் தந்தையையே முதற் காப்பாளனாக்கி, ‘அவனுக்குப் பின்’ தாயை வைத்தது. நாவலாசிரியை கீதா ஹரிஹரன் தொடுத்த வழக்கில் 1999இல் உச்சநீதிமன்றம், ‘பின்’ என்பது அவன் இறந்த பின் மட்டுமன்று, அவன் பொறுப்பேற்காத நிலையும் ஆகும் என்றது. ஒரு சொல்லுக்கு உரை காண்பதில் எத்தனை குழந்தைகளின் பள்ளிச் சேர்க்கையும் வங்கிக் கணக்கும் அடங்கியிருந்தன!

பழைய 125ஆம் பிரிவு, 2024 ஜூலை முதல் நடப்பிலுள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் 144ஆம் பிரிவாக உள்ளது. மனுச் செய்த நாளிலிருந்தே ஜீவனாம்சம் கணக்கிடப்பட வேண்டும் என்றும், இருவரும் தம் வருவாயையும் சொத்தையும் உறுதிமொழிப் பத்திரமாகத் தாக்கல் செய்ய வேண்டும் என்றும் உச்சநீதிமன்றம் 2020இல் நெறி வகுத்தது. ஆணை கிடைத்தும் பணம் வராவிடில், நிலுவையான ஒவ்வொரு மாதத்துக்கும் கணவனை ஒரு மாதம் வரை சிறையில் அடைக்கலாம். ஆனால் ஒரு மாதத் தொகை நிலுவையானால் ஓராண்டுக்குள் அவள் மீண்டும் மனுச் செய்தாக வேண்டும். தவறினால் இந்தப் பிடியாணை வழியில் அம்மாதத் தொகையை வசூலிக்க இயலாது.