திருவெள்ளறைக் கொல்லைத் தக்காளி

திருவெள்ளறை போனவர்கள் புண்டரீகாட்சப் பெருமாளைச் சேவித்துவிட்டு, சுவஸ்திகா வடிவக் கிணற்றையும் ஒரு எட்டு பார்த்திருப்பீர்கள். நாலு பக்கமும் படிகள். ஒரு படியில் குளிப்பவர் அடுத்த படியில் இருப்பவருக்குத் தெரியமாட்டார். அதனால் 'மாமியார் மருமகள் கிணறு' என்றும் சொல்வதுண்டு. பல்லவ மன்னன் தந்திவர்மன் காலத்தில், கி.பி. 800 வாக்கில், கம்பன் அரையன் என்பவர் வெட்டியது. கல்வெட்டில் அதன் பெயர் மார்ப்பிடுகு பெருங்கிணறு.

அந்தக் கம்பன் அரையன் தக்காளி ரசம் சாப்பிட்டிருக்கவே முடியாது. அவர் மட்டுமல்ல, அவருக்குப் பின் 700 வருஷம் நம் பக்கத்தில் யாருமே சாப்பிட்டதில்லை.

தக்காளியின் பிறந்த வீடு தென் அமெரிக்காவில் பெரு, ஈக்வடார் பக்கம். அங்கே அது சின்னப் பழம்தான். மெக்சிகோ மக்கள்தான் அதைப் பெரிதாக வளர்த்தெடுத்தார்கள். ஸ்பெயின்காரர்கள் ஐரோப்பாவுக்குக் கொண்டுபோனார்கள். 1544-ல் மத்தியோலி என்ற இத்தாலிய மருத்துவர் அதைப் பற்றி எழுதியிருக்கிறார். நம் நாட்டுக்குப் போர்ச்சுகீசியர் மூலம் வந்தது என்பார்கள். இன்று கடையில் டப்பாவில் அடைத்து விற்கும் செர்ரி தக்காளி ஏதோ புது நாகரிகம் என்று நினைக்க வேண்டாம். குடும்பத்திலேயே மூத்தது இந்தச் சின்னதுதான்.

பெயரிலும் ஒரு கதை இருக்கிறது. 'தக்காளி' என்ற சொல் நம்மிடம் முன்பே இருந்தது. மணத்தக்காளி (நம் பக்கத்தில் மிளகுதக்காளி), சொடக்குத் தக்காளி எல்லாம் அந்தப் பெயருக்கு உரியவை. கடல் கடந்து வந்ததைச் 'சீமைத் தக்காளி' என்றார்கள். நாளடைவில் 'சீமை' உதிர்ந்து, வந்தவரே வீட்டுக்காரர் ஆகிவிட்டார். ஆனாலும் பல வீடுகளில் திவசச் சமையலில் இன்றும் தக்காளிக்கு இடமில்லை. அந்த இலையில் மிளகுதான். பழைய கணக்கு அங்கே மட்டும் அப்படியே இருக்கிறது.

பிறகு விதை வியாபாரமாயிற்று. 1973-ல் பெங்களூரிலிருந்து 'கர்நாடகா' என்ற வீரிய ஒட்டுத் தக்காளி வந்தது. விளைச்சல் அதிகம், தோல் கெட்டி, லாரியில் தூரம் போகும். விவசாயிக்கு நல்ல வரவு, அதை மறுக்க முடியாது. ஆனால் ஒட்டு ரகத்தின் விதையை எடுத்துப் போட்டால் அடுத்த தலைமுறை தாயைப் போல வராது. ஒவ்வொரு முறையும் புதிதாக வாங்க வேண்டும். பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரியின் பி.கே.எம்.1 அப்படியல்ல. 'அன்னஞ்சி' என்ற உள்ளூர் ரகத்திலிருந்து உருவாக்கப்பட்டது; அதன் விதையை நாமே எடுத்து வைக்கலாம்.

இனி என் சொந்தக் கணக்கு. நான் சிறுவனாக இருந்தபோது திருவெள்ளறை வீட்டுக் கொல்லையில், கிணற்றடித் தண்ணீர் ஓடும் இடத்தில், கோலிக்குண்டு அளவில் ஒரு தக்காளி தானாக முளைக்கும். நல்ல புளிப்பு. தோல் மெல்லிசு; சந்தைக்குப் போவதற்குள் நசுங்கிவிடும். அதனால் அதற்கு விலையும் இல்லை, பெயரும் இல்லை. அம்மா வருஷம் தவறாமல் விதையைச் சாம்பலில் புரட்டி, ஹார்லிக்ஸ் பாட்டிலில் போட்டு வைப்பாள். வீட்டை விற்றபோது நான் எடுத்துவந்த சாமான்களில் அந்தப் பாட்டிலும் ஒன்று.

இங்கே என் பால்கனியில் அது தொடர்ந்து காய்த்தது. போன வருஷம் வெள்ளை ஈ வந்து, இலைகள் சுருண்டு, எல்லாச் செடியும் போய்விட்டன. பாட்டிலில் மிச்சமிருந்தது 40 விதை, அதுவும் ஐந்து வருஷப் பழசு. விதைத்தேன். முளைத்தது ஏழு, தேறியது நாலு. 36 வருஷம் வங்கியில், எல்லாப் பணத்தையும் ஒரே இடத்தில் போடாதீர்கள் என்று வாடிக்கையாளர்களுக்குச் சொன்னவன், இந்த விஷயத்தில் அதைத்தான் செய்திருந்தேன்.

இப்போது பழம் வந்திருக்கிறது. விதை எடுப்பது சுலபம். நன்கு பழுத்ததைப் பிழிந்து, சாறோடு இரண்டு மூன்று நாள் புளிக்க விடுங்கள். வழவழப்பு நீங்கியதும் அலசி, நிழலில் காயவைத்து, தாளில் மடித்து வையுங்கள். தக்காளி பெரும்பாலும் தன் மகரந்தத்தாலேயே காய்க்கும். ஆகவே ரகம் அவ்வளவு எளிதில் மாறாது. 10 அங்குலத் தொட்டி, அரை நாள் வெயில், ஒரு குச்சி போதும்.

வரும் ஆடிப் பட்டத்துக்குள் பத்துப் பத்து விதையாகப் பொட்டலம் கட்டி, சங்க அலுவலக மேஜையில் வைக்கிறேன். விலை இல்லை. ஒரே நிபந்தனை: முதல் பழத்தை ரசத்துக்குப் போடாமல் விதைக்கு விடுங்கள். என் செடி மறுபடி போனால், உங்கள் வீட்டுக் கதவைத்தான் நான் தட்ட வேண்டியிருக்கும்.