ஸார், பெட்டி (1926– )

அமெரிக்கக் கலைஞர். துணி துவைக்கும் பலகை, நின்றுபோன கடிகாரம், பழைய ஜன்னல் சட்டம், யாருடையதென்று தெரியாத நிழற்படம் எனப் பிறர் கழித்த பொருள்களால் கொலாஜும் சிற்பமும் செய்பவர். லாஸ் ஏஞ்சலிஸில் 1926 ஜூலை 30 அன்று பிறந்தார். இயற்பெயர் பெட்டி ஐரீன் பிரவுன்.

சிறுவயதிலேயே தந்தையை இழந்தார். வாட்ஸ் பகுதியிலிருந்த பாட்டி வீட்டுக்குச் செல்கையில், சைமன் ரோடியா என்ற இத்தாலியத் தொழிலாளி கோபுரங்கள் எழுப்புவதைக் கண்டார். இரும்புக் கம்பிகளில் கம்பிவலை சுற்றிச் சிமென்ட் பூசி, உடைந்த பீங்கான், புட்டிச் சில்லு, கிளிஞ்சல் ஆகியவற்றைப் பதித்து ரோடியா ஒற்றை ஆளாகக் கட்டியவை அவை. 1921இல் தொடங்கிய வேலை 1954இல்தான் நின்றது. மிக உயர்ந்த கோபுரம் ஏறத்தாழ 30 மீட்டர். ஸாரின் கலைக்கு ஊற்று இதுவே. 1967இல் பாசடீனாவில் அவர் பார்த்த ஜோசஃப் கார்னலின் பெட்டிச் சிற்பங்களை ஊற்றாகச் சொல்வோரும் உண்டு. கார்னலிடம் அவர் பெற்றது பொருள்களைப் பெட்டிக்குள் அடுக்கும் முறை மட்டுமே.

1949இல் லாஸ் ஏஞ்சலிஸ் கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் வடிவமைப்பில் பட்டம் பெற்றார். பிறகு அச்சுக்கலை பயின்றார். ‘கறுப்புச் சிறுமியின் ஜன்னல்’ (1969) அந்தப் பயிற்சியிலிருந்து சிற்பத்துக்கு அவர் கடந்த இடம். நிஜமான மரஜன்னல், கீழ்க் கண்ணாடியில் உள்ளங்கைகளை ஒட்டி நிற்கும் சிறுமியின் நிழலுரு, மேலே ஒன்பது சிறு கட்டங்களில் பிறை, விண்மீன், எலும்புக்கூடு, அவரது ராசியான சிம்மம்.

1968இல் மார்ட்டின் லூதர் கிங் கொல்லப்பட்ட பின், கறுப்பினத்தவரை இழிவுபடுத்தும் பொம்மைகளையும் விளம்பரங்களையும் தேடிச் சேர்த்தார். ‘ஆன்ட் ஜெமைமாவின் விடுதலை’ (1972) அதன் விளைவு. ஓரடி உயரம்கூட இல்லாத பெட்டி. பின்புறம் முழுக்க அப்பெயர்கொண்ட பான்கேக் நிறுவனத்தின் முகச்சீட்டுகள். முன்னே பணிப்பெண் பொம்மை, ஒரு கையில் துடைப்பம், மறு கையில் துப்பாக்கி. கறுப்பினப் பெண்கள் இயக்கம் இதிலிருந்தே பிறந்தது என்று கறுப்பின உரிமைச் செயற்பாட்டாளர் ஏஞ்சலா டேவிஸ் பின்னாளில் சொன்னார். மிகைதான், ஆனாலும் இதற்கு ஈடான படைப்பை அப்பத்தாண்டில் காட்டுவது கடினம். அந்த நிறுவனம் பெயரைக் கைவிடுவதாக அறிவித்தது 2020இல்.

அடிமைக்காலக் கேலியுருவங்களை நிழலுருக்களாக்கிய இளைய கலைஞர் காரா வாக்கருக்கு எதிராக 1997இல் கடிதங்கள் எழுதி ஆதரவு திரட்டினார். ஸாரின் பொம்மை ஆயுதம் ஏந்தியது. வாக்கரின் உருவங்களுக்கு அந்த வாய்ப்பு இல்லை.

சலவைப் பலகைத் தொடர், இஸ்திரி மேசைமேல் அடிமைக் கப்பலின் வரைபடம் கொண்ட படைப்பு (1998) ஆகியன பிற்காலத்தவை. 2019இல் நியூயார்க்கிலும் லாஸ் ஏஞ்சலிஸிலும் தனிக் கண்காட்சிகள் நடந்தன.