செருகுநிரல் (ஒலிப்பதிவு)

ஒலிப்பதிவு மென்பொருளுக்குள் இயங்கி, பதிவான ஒலியின் தன்மையை மாற்றும் துணை நிரல். கலைஞர் வழக்கில் பிளக்-இன். 1996இல் ஜெர்மனியின் ஸ்டெயின்பெர்க் நிறுவனம் விஎஸ்டி என்னும் செருகுநிரல் தரத்தை அறிமுகப்படுத்தியது. 1997இல் சுருதி திருத்தும் ஆட்டோ-டியூன் வந்தது.

பயன்பாடு: ஈக்வலைசர் (அதிர்வெண் சமன்படுத்தி), கம்ப்ரசர் (ஒலியளவின் ஏற்றத்தாழ்வைச் சுருக்குவது) ஆகியவை பொதுவாக அந்தந்தத் தடத்திலேயே செருகப்படும். ரிவெர்ப் (எதிர்முழக்கம்), டிலே (தாமத எதிரொலி) ஆகியவற்றைத் துணைத்தடத்தில் வைத்துப் பல தடங்களுக்குப் பொதுவாக்குவர். மூலப்பதிவு மாறாததால் அமைப்புகளைப் பின்னரும் திருத்தலாம். பாடும்போது குரல் தாமதித்துக் கேட்டால் பஃபர் (தற்காலிக ஒலிச் சேமிப்பு) அளவைக் குறைப்பர், கலவையின்போது கூட்டுவர்.

மலேசியா: கணினிவழி ஒலிப்பதிவு பரவிய காலத்தில் கோலாலம்பூரில் தமிழ் ஹிப்-ஹாப் வளர்ந்தது. பொயட்டிக் அம்மோ குழுவைச் சேர்ந்த யோகி பி, நட்சத்ரா குழுவுடன் 2006இல் ‘வல்லவன்’ தொகுப்பை வெளியிட்டார். அதிலுள்ள ‘மடை திறந்து’, இளையராஜா இசையமைத்த ‘நிழல்கள்’ (1980) படப்பாடலின் மறுவடிவம். தாளத்துக்கு மேல் சொல் தெளிவாக ஒலிக்க வேண்டிய ராப் இசையில் கம்ப்ரசருக்கு முதன்மை இடமுண்டு.